ராத்திரிக்கு எந்த நாட்டுச் சமையல்?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஃப்ரிட்ஜைத் துடைக்க உட்கார்ந்தேன். கதவுத் தட்டிலிருந்து ஒன்பது பாட்டில்கள் வெளியே வந்தன. மீன் சாஸ் முக்கால் பாட்டில் அப்படியே இருந்தது. ஆய்ஸ்டர் சாஸைத் திறக்கவே இல்லை. கறுப்பு ஆலிவ், உப்புநீரில் ஊறிய கேப்பர்ஸ், இரண்டு வித பாஸ்தா சாஸ், அடியில் இறுகிப்போன கொரிய மிளகாய் விழுது. எல்லாம் ஏதோ ஒரு ராத்திரி யூடியூபில் பார்த்த ஏதோ ஒரு சமையலுக்காக வாங்கியவை. அந்தச் சமையல் ஒருமுறை நடந்திருக்கும், நன்றாகவும் வந்திருக்கும். அப்புறம் அந்த பாட்டிலுக்கு வீட்டில் வேலையே இல்லை.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். வாரத்தில் இரண்டு ராத்திரி இட்லி, தோசை, சப்பாத்திக்கு லீவு விடுவதென்றால், ஐந்து நாட்டுச் சமையலை எட்டிப் பார்ப்பதைவிட ஒரு நாட்டுச் சமையலில் குடியேறிவிடுவது மேல். எந்த நாடு என்பதுதான் கேள்வி. ஓராண்டாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த விடையை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தால்தான் விடை புரியும். மதுரையில் இருக்கிறோம். வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும். கேஸ் அடுப்பில் இரண்டு பர்னர், மிக்ஸி, குக்கர், வெட் கிரைண்டர். ஓவன் கிடையாது. அம்மா சுத்த சைவம், நாங்கள் மூன்று பேரும் எல்லாம் சாப்பிடுவோம். அதனால் ஒவ்வொரு நாட்டிடமும் நான் கேட்டவை மூன்று: வேறு எதற்கும் உதவாத பொருள் எத்தனை வாங்க வேண்டும், எட்டரைக்குள் தட்டில் விழுமா, அம்மா சாப்பிட முடியுமா. நாலாவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது, அது மெக்சிகோ செய்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அங்கே சொல்கிறேன்.

முதலில் இத்தாலி. எல்லோரும் தொடங்குவது அங்கேதான், அதில் தப்பும் இல்லை. வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் கிடையாது. நேப்பிள்ஸ் பக்கத்தின் அல்யோ எ ஓல்யோவை எடுத்துக்கொள்ளுங்கள். பூண்டும் எண்ணெயும் என்பதுதான் பெயருக்கே பொருள். நாலு பேருக்கு 400 கிராம் ஸ்பகெட்டி, எட்டுப் பல் பூண்டு, இரண்டு காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய். பாஸ்தா வேகிற நேரத்தில் பூண்டு மெல்லிய தீயில் பொன்னிறமாகிவிடும். வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து எண்ணெயில் ஊற்றி, பாஸ்தாவைப் போட்டு வேகமாகக் கிளறினால், தண்ணீரில் இறங்கியிருக்கும் மாவுச்சத்து எண்ணெயைப் பிடித்துக்கொண்டு பளபளவென்று ஒரு சாறாகிவிடும். இருபத்தைந்து நிமிடம். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பார்கள். நாலு லிட்டர் பாத்திரம் தேடி அலைய வேண்டாம், அதில் பாதி தண்ணீரே போதும். மாவுச்சத்து கெட்டியாக இறங்குவதால் சாறு இன்னும் நன்றாகவே சேர்கிறது. பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மைதா பாஸ்தா குழைந்துவிடும்.

இத்தனை சுலபமென்றால் அங்கேயே தங்கிவிடலாமே? எண்ணெய்தான் இடிக்கிறது. ஒரு முறைக்கு 80 மில்லியாவது வேண்டும், 250 மில்லி பாட்டில் மூன்றே ராத்திரியில் காலி. இத்தாலிச் சமையலில் மசாலா குறைவு, பொருளின் தரமே ருசி. எண்ணெய், சீஸ், தக்காளி மூன்றில் ஒன்று சுமாராக இருந்தாலும் மறைத்துக்கொள்ள இடமில்லை. சிக்கனம் பார்த்து ஒருமுறை நல்லெண்ணெயில் செய்தேன். மிளகாய்ப்பொடி இட்லி வாசத்தில் ஸ்பகெட்டி வந்தது. மகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். சீஸில் இன்னொரு விஷயம்: இத்தாலியில் செய்யப்படும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கிறார்கள். சைவக்காரர்கள் பச்சைப் புள்ளியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் சீஸையே விட்டுவிட்டோம். தென் இத்தாலியில் சீஸ் வாங்க வசதியில்லாதவர்கள் காய்ந்த ரொட்டித் தூளை எண்ணெயில் முறுகலாக வறுத்துத் தூவிச் சாப்பிட்டார்கள். மீந்த பிரெட் எந்த வீட்டில்தான் இல்லை? மிக்ஸியில் ஒரு சுற்று, வாணலியில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு பல் பூண்டு. அம்மாவுக்கு அந்தத் தூள் மட்டும் தனியாகக் கொடுத்தாலும் போதும்.

அடுத்து தாய்லாந்து. ருசியை மட்டும் வைத்துத் தீர்ப்பென்றால் என் ஓட்டு இதற்குத்தான். பச்சைக் குழம்புக்கு வேண்டியதைக் கேளுங்கள்: பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, மல்லி, சீரகம், வெள்ளை மிளகு, தேங்காய்ப்பால். இதுவரை நம் அடுக்களைதான். கொத்தமல்லியின் வேரையும் அரைக்கிறார்கள். நாம் கிள்ளி எறிகிற அந்த வேரில் இலையைவிட ஆழமான மணம் இருக்கிறது. இப்போதெல்லாம் வேரோடு வருகிற கட்டாகப் பார்த்து வாங்கி, வேரைக் கழுவி ஃப்ரீசரில் போட்டு வைக்கிறேன்.

அதற்கு மேல்தான் வழி பிரிகிறது. எலுமிச்சைப் புல்லுக்குக் கவலையில்லை, நர்சரியில் ஒரு தொட்டி வாங்கி வைத்தால் மண்டிப் போகும். மக்ரூத் எலுமிச்சை இலைக்குப் பதிலாக இளம் நாரத்தை இலை போடுகிறேன். வேப்பிலைக்கட்டிக்குப் போடுகிற அதே இலை. முழுக்க அந்த மணம் வராது, பக்கத்தில் வரும். அவர்களுடைய பேசில் நம்முடைய திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான். சப்ஜா விதை கிடைக்கிற செடி என்றால் சட்டென்று தெரியும். மொட்டை மாடியில் வளரும். துளசி போடுகிற தாய்லாந்து வறுவலும் ஒன்று உண்டு. அதை அம்மா இருக்கும்போது வாய் திறந்து சொல்லாமல் இருப்பது உத்தமம். சிக்கல் பேரரத்தையில்தான். அவர்கள் போடுவது பச்சைக் கிழங்கு, ஊசியிலை மரமும் எலுமிச்சைத் தோலும் கலந்த ஒரு வாசம் அதற்கு. நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது காய்ந்தது. ஒருமுறை அவசரத்தில் சித்தரத்தையைப் போட்டுவிட்டேன். பச்சைக் குழம்பு இருமல் கஷாயமாகிவிட்டது.

சொதி வைக்கத் தெரிந்த திருநெல்வேலிக்காரர்களுக்கு இதில் பாதி தெரியும் என்று நினைத்தேன். பார்த்தால் நேர் எதிர். சொதியில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்குவோம், திரிந்துவிடக் கூடாது என்று. தாய்லாந்தில் முதல் பாலைத்தான் முதலில் சட்டியில் ஊற்றி, அது திரிந்து எண்ணெய் கக்கும்வரை காய்ச்சுகிறார்கள். அந்தத் தேங்காய் எண்ணெயில்தான் அரைத்த விழுதை வதக்க வேண்டும். குழம்பின் மேல் மிதக்கிற பச்சை எண்ணெய்த் திட்டுகள் அங்கிருந்து வருபவை. பாக்கெட் தேங்காய்ப்பாலில் கெட்டித்தன்மைக்காக ஏதாவது சேர்த்திருந்தால் அது லேசில் பிரியாது. கையால் பிழிந்த பாலில் நன்றாக வரும். ஆனால் தேங்காய் உடைத்து, துருவி, பிழிந்து, விழுது அரைத்து, வதக்கி, சோறும் வடித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஏழு மணிக்கு வந்ததும் மூச்சு விடாமல் தொடங்கினால்தான் எட்டரைக்குள் முடியும், வேலை நாளுக்கு ஆகாது. மீன் சாஸ் என்பது நெத்திலியும் உப்பும் மாதக்கணக்கில் ஊறி வடிந்த சாறு, விழுதிலும் இறால் சேரும், அதனால் அம்மாவுக்குத் தனியாக வைக்க வேண்டும். கடையில் விற்கும் ரெடிமேட் விழுதைக் குறை சொல்ல மாட்டேன், நேரமில்லாத நாளில் அது தேவலைதான். சைவக்காரர்கள் லேபிளில் இறால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு இதற்கு இணை எதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு இது சரிவராது.

மெக்சிகோவுக்கு ஒரு பாட்டில்கூட வாங்க வேண்டாம். ஒன்றுகூட இல்லை. தக்காளி, வெங்காயம், மிளகாய், பீன்ஸ் விதை, சீரகம், கொத்தமல்லி. அவர்கள் பிழியும் எலுமிச்சையும் நம் எலுமிச்சையும் ஒரே இனம். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து கடல் தாண்டி நமக்கு வந்தவை, அந்தக் கணக்கில் அவர்கள் அடுக்களைக்கு நாம்தான் கடன்காரர்கள். அவர்களுடைய சட்னியான சால்சாவுக்கு நாலு தக்காளி, இரண்டு மிளகாய், தோலோடு மூன்று பல் பூண்டு எல்லாவற்றையும் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் கருகக் கருகச் சுட்டு, பூண்டுத் தோலை உரித்து, உப்புப் போட்டு அம்மியில் ஓட்டினால் முடிந்தது. அவர்களுக்கும் கல் உரல்தான். வெண்ணெய்ப்பழம் கொடைக்கானல் மலையிலேயே விளைகிறது, மதுரைக்கு வந்துவிடுகிறது. ஒரிகானோ இல்லையே என்று தேட வேண்டாம், தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லியில் ஒரே ஒரு இலை கிள்ளிப் போடுங்கள். இரண்டிலும் அந்தக் காரமான மணம் ஒரே ஜாதி. இரண்டு இலை போட்டால் சளி மருந்து. ராஜ்மாவை முந்தின நாள் ஊறப்போட்டு, குக்கரில் ஆறு விசில் விட்டு, பூண்டோடு மசித்து வதக்கினால் நாற்பது நிமிடத்தில் சாப்பாடு தயார். அம்மாவும் சாப்பிடலாம்.

மூன்று கேள்விக்கும் முழு மார்க். ஆனால் முதல் நாள் சாப்பிட்டுவிட்டுக் கணவர் சொன்னது: "ராஜ்மா சப்பாத்தி நல்லா இருக்கு." இரண்டாம் வாரமும் அதே. சுட்ட தக்காளிச் சால்சாவைப் பார்த்து அம்மா, "இதுக்குத் தாளிக்க மறந்துட்டியே" என்றார். அப்போதுதான் நாலாவது கேள்வி தெரிந்தது: வெளியூர் போய் வந்த மாதிரி இருக்கிறதா? ரொம்பத் தூரமாக இருந்தால் பாட்டில் தேங்கிவிடுகிறது. ரொம்பப் பக்கத்தில் இருந்தால் எதற்குப் போனோம் என்றே தெரிவதில்லை. மெக்சிகோவை மெக்சிகோவாக்குவது சோள ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, தோல் போகக் கழுவி அரைத்த மாவு. சுண்ணாம்பு பட்டால்தான் மாவு பிசைய வரும், தானியத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் சத்தும் உடம்புக்குக் கிடைக்கும். சோளத்தை மட்டும் எடுத்துப்போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்டதால்தான் ஐரோப்பாவில் சோளமே உணவாக இருந்த ஏழைகளைப் பெல்லக்ரா நோய் வாட்டியது. நம் கடையில் விற்கும் மக்காச்சோள மாவு வெறும் மாவு, தட்டினால் விண்டு போகும். வடக்கு மெக்சிகோவில் கோதுமை ரொட்டியும் உண்டு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். நானும் சொல்லிப் பார்த்தேன், வீட்டில் எடுபடவில்லை.

லெபனான், சிரியா, பாலஸ்தீனப் பக்கத்துக்கு நான் போனதே தற்செயல். வெள்ளைக் கொண்டைக்கடலை அரைக் கிலோ வீணாகக் கிடந்தது. ஒரு நாள் ஹம்முஸ் அரைத்தேன், அடுத்த வாரம் ஃபலாஃபெல், அதற்கடுத்து முஜத்தரா. இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

இதில் வெளியில் வாங்க வேண்டியது என்று பார்த்தால், கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் போக, தஹினி ஒன்றுதான். அதுவும் எள் விழுதுதான். தோல் நீக்கிய வெள்ளை எள் 250 கிராமை நிறம் மாறாமல் லேசாகச் சூடு காட்டி, சூடு ஆறுவதற்குள் மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் பொடியாகும், அப்புறம் களியாகும், கடைசியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டதும் ஓடத் தொடங்கும். தோலோடு அரைத்தால் கசக்கும், சிவக்க வறுத்தால் எள்ளுருண்டை வாசம் வந்துவிடும். ஃப்ரிட்ஜில் ஒரு மாதம் நிற்கும். மீந்த எள்ளைப் பற்றிக் கவலையே வேண்டாம், இட்லிப்பொடிக்குப் போய்விடும். எனக்கு இதில் பிடித்ததே அதுதான்: மீந்துபோகிற எதுவும் அநாதையாக நிற்பதில்லை.

ஹம்முஸுக்குக் கடலையை ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவோடு ராத்திரி ஊறப்போட்டு, கையால் நசுக்கினால் வெண்ணெயாக மசியும்வரை வேகவிட வேண்டும். சுண்டலுக்கு வேகிற பதம் போதாது. ஒரு கப் கடலைக்கு அரைக் கப் தஹினி, இரண்டு எலுமிச்சம்பழம், இரண்டு பல் பூண்டு, உப்பு. அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் வெளுத்து உப்பி வரும். தஹினியில் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ பட்டதும் கட்டியாக இறுகும், கெட்டுப்போய்விட்டது என்று முதல் தடவை நான் கொட்டப் போனேன். இன்னும் தண்ணீர் விடுங்கள், தானே இளகி வெள்ளையாகும்.

ஃபலாஃபெல் செய்ய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது வடை. பலர் செய்கிற தப்பு கடலையை வேகவைத்து அரைப்பது, எண்ணெயில் போட்டதும் கரைந்துபோகும். பருப்பு வடைக்கு யாராவது பருப்பை வேகவைப்பார்களா? பன்னிரண்டு மணி நேரம் ஊறிய கடலையைத் தண்ணீர் சொட்டாமல் வடித்து, வெங்காயம், பூண்டு, கை நிறையக் கொத்தமல்லி, கொஞ்சம் புதினா, சீரகம், மல்லி சேர்த்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் தட்டிப் போடுங்கள். பொரிக்கச் சோம்பலாக இருந்தால் குழிப்பணியாரக் கல். ஒரு குழிக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் போதும், வெளியே முறுகி உள்ளே பச்சைப் பசேலென்று வரும். எகிப்தில் கொண்டைக்கடலைக்குப் பதில் ஃபாவா பீன்ஸில் செய்கிறார்கள்.

முஜத்தரா என்பது முழு மசூர் பருப்பும் அரிசியும் சேர்ந்து வெந்த சோறு, மேலே கருகுகிற எல்லைக்குப் போய்த் திரும்பிய வெங்காயம். அரிசிக்கு நடுவே பருப்பு புள்ளி புள்ளியாகத் தெரிவதால் அம்மைத் தழும்பு விழுந்தது என்று பெயர். 1226இல் பாக்தாதில் எழுதப்பட்ட சமையல் நூலிலேயே இது இருக்கிறது. பெயர்க் காரணத்தைச் சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லுங்கள். வெங்காயத்தில்தான் எல்லாம், நாலு பேருக்கு நாலு பெரிய வெங்காயம், இருபத்தைந்து நிமிடம், நடுத்தரத் தீ. பொறுமை இல்லாமல் பத்து நிமிடத்தில் இறக்கினால் பருப்புச் சோறுதான் கிடைக்கும். பக்கத்தில் தயிர், வெள்ளரிக்காய்.

ரொட்டிக்கு, ஷவர்மா கடைகள் வந்த பிறகு எங்கள் பக்கமும் குப்பூஸ் கிடைக்கிறது. வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். சப்பாத்தியும் ஓடும். கடையில் ஷவர்மாவுக்குத் தடவுகிற மயோனைஸை அசல் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை போட்டபோது பலர் வருத்தப்பட்டார்கள். லெபனானில் கோழியோடு வைப்பது தூம், அதில் முட்டையே கிடையாது. பூண்டு, உப்பு, எலுமிச்சை, எண்ணெய். எண்ணெயை நூல் மாதிரி விட்டு அரைத்தால் வெள்ளை வெளேரென்று திரண்டு வரும். அவசரப்பட்டால் பிரிந்துவிடும், எனக்கு மூன்றில் ஒரு தடவை பிரிகிறது.

ஆலிவ் எண்ணெய் இங்கேயும் வேண்டும், ஆனால் ஹம்முஸ் மேல் இரண்டு ஸ்பூன்தான். அந்தச் சின்ன பாட்டிலே வீட்டில் இருப்பதால், ஒன்றும் ஊறப்போட மறந்த ராத்திரியில் ஸ்பகெட்டிக்கும் கைகொடுக்கிறது. இரண்டாவது நாட்டைத் தேர்ந்தெடுப்பதென்றால் முதல் நாட்டின் பாட்டிலைப் பங்குபோடுகிற நாடாகப் பாருங்கள். இந்த ஒரு கணக்கில்தான் இத்தாலி எங்கள் வீட்டில் திரும்ப இடம் பிடித்தது.

மகளுக்குக் கொரியா வேண்டுமாம், சீரியல் பார்த்த பாதிப்பு. கோச்சுஜாங் என்ற அவர்களுடைய மிளகாய் விழுதுக்கு நம்மிடம் மாற்றே இல்லை, ஒரு டப்பா வாங்கினால் அவள் ஒருத்தியே தீர்க்க வேண்டும். ஜப்பானை ஒதுக்க மனமில்லாததற்கு ஒரே காரணம் மாசி. சூரை மீனை அவித்து, புகையில் வாட்டிக் காயவைத்ததுதான் மாசிக்கருவாடு. ஜப்பானியரின் கட்சுவோபுஷியும் அதே குடும்பத்து மீன், ஏறக்குறைய அதே முறை, கடைசியில் பூஞ்சை ஏற்றி இன்னும் பதப்படுத்துகிறார்கள். அதையும் கொம்பு என்ற கடற்பாசியையும் போட்டு எடுக்கும் சாறுதான் அவர்கள் சமையலுக்கு அடித்தளம். 1908இல் இக்கேடா என்ற வேதியியலாளர், இனிப்பு, புளிப்பு மாதிரி தனி ருசியான உமாமியைக் கண்டுபிடித்தது அந்தக் கடற்பாசியில் இருந்துதான். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் மாசி புழங்குகிற வீட்டில் பிறந்தவர்கள் என் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜப்பானில் இருந்தே தொடங்கலாம். தென்னை மரம் வாசலிலேயே இருந்து, ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறவர்களும் தாய்லாந்தை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திப்போட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் இப்போது செவ்வாயும் வெள்ளியும் லெபனான். திங்கள் ராத்திரி கடலை ஊறப்போடுவது கணவர் பொறுப்பு. அவர் மறந்தால் செவ்வாய் இத்தாலி. மாதத்தில் ஒரு ஞாயிறு தேங்காய் துருவுகிறோம். ஃப்ரிட்ஜ் கதவில் மூன்றே பாட்டில். அம்மா ஃபலாஃபெலுக்கு ஹம்முஸ் தொடுவதில்லை, தேங்காய்ச் சட்னிதான் வேண்டும் என்கிறார். அதையும் அரைத்துவிடுகிறேன்.